பிளஸ் 2 பைத்தானில் ஒரு டூரிங் மெஷின்: ஏன் பள்ளியிலேயே செய்து பார்க்க வேண்டும்?

ஆலன் டூரிங்கின் அம்மா பிறந்த ஊர் போத்தனூர். பரமத்தி வேலூரை ஒட்டியிருக்கிற நம்ம பொத்தனூர் இல்லைங்க, கோவைப் பக்கத்து ரயில்வே ஊர். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அந்த டூரிங் 1936இல் காகிதத்திலேயே கட்டிய கணிப்பொறியைத்தான் இன்று பொறியியல் மாணவர்கள் ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். பெரும்பாலும் வட்டம், அம்புக்குறி வரைந்து மார்க் வாங்குவதோடு சரி.

அதற்குக் கல்லூரி வரை காத்திருக்கவே வேண்டாம். பரமத்தி வேலூரில் பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு பைத்தான் தெரியும். சிமுலேட்டர் செய்ய அது போதும்.

மெஷின் என்றால் என்ன? கட்டம் கட்டமாக நீளும் ஒரு நாடா, கட்டத்தைப் படித்து எழுதும் ஒரு தலை, சில விதிகள். பைனரி எண்ணோடு 1 கூட்ட மூன்றே விதி. வலது ஓரத்தில் ஆரம்பியுங்கள். 1 இருந்தால் 0 ஆக்கி இடப்பக்கம் நகரு. 0 இருந்தால் 1 ஆக்கி நில். வெற்றுக் கட்டமா, 1 எழுதி நில். 1011 (அதாவது 11) மூன்று படியில் 1100 (12) ஆகிவிடும். லேபில் கரண்ட் இல்லையா? கட்டம் போட்ட கணக்கு நோட்டும் ரப்பரும் போதும்.

இதில் ருசியான இடம் ஒன்று உண்டு. நாடாவை பைத்தான் லிஸ்ட்டில் வைக்கத்தான் முதலில் தோன்றும். 1011 சரியாக வரும். 111 கொடுத்துப் பாருங்கள்: 8 வர வேண்டிய இடத்தில் 001, அதாவது 1 வரும்! தலை இடது ஓரத்தைத் தாண்டி -1ஆம் இடத்துக்குப் போகிறது. பைத்தானுக்கு -1 என்றால் கடைசிக் கட்டம். அங்கே 0 இருக்கிறது, அதை 1 ஆக்கிவிட்டு நின்றுவிடுகிறது. எர்ரர்கூட வராது. லிஸ்ட்டுக்குப் பதில் டிக்‌ஷனரியில் வைத்து, இல்லாத கட்டமெல்லாம் வெற்று என்று சொல்லிவிட்டால் 1000 வந்துவிடும். 'நாடாவுக்கு முடிவில்லை' என்ற மனப்பாட வரிக்கு இப்போதுதான் அர்த்தம் புரியும்.

அடுத்து, நிற்காத மெஷின். சிமுலேட்டர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க 1000 படி என்று எல்லை வைக்கலாம். எல்லை வந்ததும் திரையில் என்ன காட்டுவது? 'இது நிற்காது' என்றால் பொய். ஐந்தே நிலைகளும் இரண்டே குறிகளும் கொண்ட ஒரு மெஷின் 4,71,76,870 படி ஓடிய பிறகு நிற்கிறது. அந்த அளவு மெஷின்களில் நிற்கக்கூடியது எதுவும் அதைவிட அதிகம் ஓடாது என்று நிரூபிக்க 2024 வரை ஆனது. எந்த மெஷினைக் கொடுத்தாலும் நிற்குமா, நிற்காதா என்று சொல்லிவிடும் பொதுவான வழியே கிடையாது என்பதை டூரிங் 1936இலேயே காட்டிவிட்டார்.

செய்முறைத் தேர்வுப் பட்டியலில் பள்ளிக்கல்வித் துறை இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். '1000 படிக்குள் நிற்கவில்லை' என்று மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க் கொடுக்கலாம்.