‘பிரிமிட்டிவ்’: ஓர் அடைமொழி சான்றிதழை மறுக்கும் விதம்

சாதிச் சான்று விசாரணை ஒன்றில் நாம் இருளர் குடும்பத்துடன் அமர்ந்திருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி, கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசி நாளுக்குச் சில நாள்களே இருந்தன. அலுவலர் கேட்ட முதல் கேள்வி, “எலி பிடிக்கத் தெரியுமா?” என்பது. தெரியாது என்றாள் அம்மாணவி. “பார்த்தால் இருளர் மாதிரியே தெரியவில்லையே” என்பது அடுத்த கருத்து. அந்த அலுவலரைத் தனிமனிதராகக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கேள்விக்குப் பின்னால் ஓர் ஆங்கிலப் பெயரடை நிற்கிறது. அதைத்தான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறோம்.

‘பிரிமிட்டிவ்’ என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் ‘முதல்’ என்று பொருள்படுவது. நம் ‘ஆதி’க்கும் அதுவே பொருள். ஆனால் இரு சொற்களும் நேர் எதிரான திசைகளில் நடந்தன. பண்டிதர் அயோத்திதாசர் ‘பூர்வ பௌத்தர்’ என்றபோதும், எம்.சி. ராஜாவின் தீர்மானத்தைத் தொடர்ந்து 1922-இல் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றபோதும், ‘முதல்’ என்பது மண்ணின் மீதான உரிமைக் கோரலாக ஒலித்தது. ஆட்சியாளரின் ஆங்கிலத்திலோ அதே ‘முதல்’, வளர்ச்சி ஏணியின் கடைசிப் படி என்றானது. ஒன்று மக்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். மற்றொன்று மக்கள் மீது ஒட்டப்பட்ட அடைமொழி. பெயர்கள் அரசியலற்றவை என்று அண்ணல் அம்பேத்கர் ஒருபோதும் கருதியதில்லை. ‘டிப்ரஸ்டு’ என்ற அடைமொழி இழிவுபடுத்துவது என்று 1932-இல் வாக்குரிமைக் குழுவுக்கு அளித்த குறிப்பிலேயே அவர் எதிர்ப்புத் தெரிவித்தார்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழங்குடிகளை ‘பிரிமிட்டிவ்’ என்றே குறித்தது. விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் அச்சொல்லை ஏற்கவில்லை. உறுப்பு 366(25), உறுப்பு 342 இரண்டிலும் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்ற பெயர் மட்டுமே உண்டு. பண்பு பற்றிய அடைமொழி ஏதும் இல்லை. அரசமைப்பு வெளியே நிறுத்திய சொல்லை நிர்வாகம் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்தது. 1965-இல் லோகூர் குழு வகுத்த ஐந்து அளவுகோல்களில் முதலாவது, ‘பிரிமிட்டிவ்’ பண்புகளின் அடையாளங்கள். தனித்த பண்பாடு, புவியியல் ஒதுக்கம், பிற சமூகத்தாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவை ஏனையவை. பட்டியலில் புதிய சமூகங்களைச் சேர்ப்பதற்கான அளவுகோல்கள் இவை. பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஒருவரைச் சோதிப்பதற்கானவை அல்ல. ஆனால் நடைமுறையில், ‘கூச்சமில்லாமல் பேசுகிறாரே’ என்பதே ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

1970-களின் நடுப்பகுதியில் ‘பிரிமிட்டிவ் பழங்குடிக் குழுக்கள்’ என்ற தனி வகை உருவாக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 75 குழுக்கள் அவ்வகையில் உள்ளன. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு. வேளாண்மைக்கு முந்தைய தொழில்நுட்பம், தேங்கிய அல்லது குறைந்துவரும் மக்கள்தொகை, மிகக் குறைந்த எழுத்தறிவு, பிழைப்பளவே ஆன பொருளாதாரம் என்பன அதன் அடையாளங்கள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இருளர்களை இதில் பொருத்திப் பாருங்கள். செங்கல் சூளையிலும், அரிசி ஆலையிலும், சவுக்குத் தோப்பிலும், கரிமூட்டத்திலும் உழைப்பவர்கள் வேளாண்மைக்கு முந்தைய காலத்தில் வாழவில்லை. இன்றைய சந்தையின் அடித்தளத்தில்தான் வாழ்கிறார்கள். முன்பணக் கடனால் அவர்கள் கட்டப்பட்டிருந்தால், அதன் பெயர் தொன்மை அல்ல. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை.

2006-இல் அடைமொழி மாற்றப்பட்டது. ‘பிரிமிட்டிவ்’ போய், ‘குறிப்பாக வல்னரபிள்’ வந்தது. இழிவு குறைந்தது என்பதை ஏற்கிறோம். ஆயினும் இச்சொல்லின் வேர் ‘காயம்’ என்பது. எளிதில் காயப்படக்கூடியவர் என்று சொல்வது, காயப்படுத்துபவர் யார் என்பதைச் சொல்லாமல் விடுகிறது. 2011 நவம்பரில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் திருக்கோவிலூர் அருகே, திருட்டு விசாரணை என்ற பெயரில் காவலர்களால் கொண்டுசெல்லப்பட்ட நான்கு இருளர் பெண்கள் பாலியல் வன்கொடுமைப் புகார் அளித்தனர். அவர்களுடைய நிலைமையை ‘எளிதில் பாதிக்கப்படும் தன்மை’ என்று எழுதினால், குற்றம் பாதிக்கப்பட்டவரின் இயல்பாகிவிடும். சீருடை வாக்கியத்திலிருந்து மறைந்துவிடும்.

சான்றிதழ் இவ்விடத்தில்தான் உயிர்நாடியாகிறது. பழங்குடியினர் சான்றை வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வழங்க வேண்டும். அச்சான்று இல்லையேல் கல்வி உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் நிவாரணமும் தாமதமாகின்றன. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி தோழர்களுடன் கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், காவல் வன்முறைக்கு எதிரான போராட்டத்தோடு சாதிச் சான்றுக்கான போராட்டத்தையும் சேர்த்தே நடத்தியதற்குக் காரணம் இதுவே.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பட்டியலை உள்ளபடியே படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2000-இல் மிலிந்த் வழக்கில் கூறியது. இடப்பெயர்வாலும் நவீனமயத்தாலும் பண்புகள் மாறக்கூடும் என்பதால், பண்பாட்டுத் தொடர்புச் சோதனையை மட்டும் கொண்டு கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2011-இல் ஆனந்த் வழக்கில் சொன்னது. அச்சோதனை இறுதி உரைகல் அன்று என்பதை 2023 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் அமர்வு மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆகவே எலி பிடிக்கத் தெரியாத இருளரும் இருளரே. விசாரணையில் இத்தீர்ப்புகளின் நகலை மனுவோடு இணைப்பது நம் கடமை.

புகழ்ச்சியிலும் இக்கண்ணி உண்டு. பாம்பு பிடிப்பதில் வல்லவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அது அறிவுக்கும் உழைப்புக்கும் கிடைத்த மதிப்பு. அதையே ‘இரத்தத்தில் ஊறிய ஆதித் திறமை’ என்று மாணவர்கள் எழுதும்போது, விசாரணை மேசையின் கேள்வியைத்தான் வேறு குரலில் கேட்கிறோம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. லோகூர் அளவுகோல்களிலிருந்து ‘பிரிமிட்டிவ்’, ‘கூச்சம்’ ஆகியவை நீக்கப்பட வேண்டும். ‘பண்டைய பழங்குடியினர்’ என்ற தமிழ் நிர்வாக வழக்கும் கைவிடப்பட வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், தந்தைவழி உறவினர் சான்றுகளைக் கொண்டே விசாரணை முடிக்கப்பட வேண்டும். தொழிலையும் தோற்றத்தையும் பற்றிய கேள்விகளுக்கு எழுத்துவழித் தடை வேண்டும்.

அன்று அம்மாணவி அலுவலரிடம் திருப்பிக் கேட்டாள்: “உங்கள் சாதிச் சான்றுக்கு உங்களை என்ன செய்து காட்டச் சொன்னார்கள், ஐயா?” பதில் வரவில்லை. அந்தப் பதிலைப் பெறுவதே நம் வேலை.