தாடலை



இந்த இதழின் மெய்ப்புத் தாள்கள் மேசைக்கு வந்தபோது ஒரு சொல்லின் அடியில் பென்சில் கோடு, பக்கத்தில் கேள்விக்குறி. சொல், 'தாடலை'. மெய்ப்புப் பார்க்கும் தம்பி வேலைக்குப் புதியவர். தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். தாள் என்றால் திருவடி. அதோடு தலை சேர்ந்தால் தாடலை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "அப்போ ள்ளும் த-வும் எங்கே சார் போச்சு?" என்றார்.

சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவாசாரியார் 14-ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டியதும் இந்தக் கேள்வியோடுதான். இறைவனோடு கலந்த பிறகு உயிர் என்று ஒன்று மிஞ்சுமா? கடலில் விழுந்த துளியாகக் கரைந்துவிடும் என்றால், அந்த இன்பத்தை அனுபவிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இரண்டும் தனித்தனியே நிற்கும் என்றால், அது என்ன கலப்பு? இதற்குத் தம் நூலான திருவருட்பயனில் அவர் எடுத்துக்காட்டிய சொல் தாடலை. சொல்லால் ஒன்று, பொருளால் இரண்டு. திருவடியும் இருக்கிறது, அதில் படிந்த தலையும் இருக்கிறது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ள் சொல்ல நாக்கின் நுனி மேலே வளைய வேண்டும். த வல்லினம், மூச்சை ஒரு கணம் அடைத்துத் திறக்கும். ட-வில் இரண்டும் உண்டு. அந்த வளைவு ள் கொண்டுவந்தது, அந்த அடைப்பு த கொண்டுவந்தது. உரைகளில் படித்துச் சொல்லவில்லை. தம்பிக்காக நாலைந்து முறை சொல்லிப் பார்த்தபோது பிடிபட்டது. அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

இது எனக்கு வெறும் தத்துவ வழக்காகப் படாததற்குக் காரணம், போன மாதம் வந்த ஒரு வாசகியின் கடிதம். பெரிய கூட்டுக்குடும்பம். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு என்கிறார்கள். அந்த எல்லாரில் நான் இருந்தேனா என்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

அம்மா, உமாபதியார் தில்லைவாழ் அந்தணர் மரபில் பிறந்தவர். தமக்குக் குருவாக வாய்த்த மறைஞான சம்பந்தரைக் கண்டதும் பல்லக்கிலிருந்து இறங்கி அவர் பின்னால் போய்விட்டார் என்றும், ஊரார் விலக்கிவைக்கவே தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் தனியே வாழ்ந்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். தன் விருப்பத்தால் குருவின் பின்னால் போய், அதற்காகத் தன் கூட்டத்தை இழந்தவர் எழுதிய கலப்பு இது. அதனால்தான் அதில் யாரும் காணாமல்போவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கலந்த பிறகு சொந்த விருப்பம் மிஞ்சுமா? அதற்கு, சைவ சித்தாந்தத்தின் முதல் ஆசிரியரான மெய்கண்டாரிடம் போக வேண்டும். அவருடைய சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் பத்தாவது, இறைவனோடு ஒன்றாகி நின்ற உயிரை இறைபணியில் நிற்கச் சொல்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: ஒன்றான பிறகும் பணியில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே! உங்கள் வீட்டில் அடுத்த முடிவு வரும்போது, "இதில் என் பேச்சு எது?" என்று நீங்கள் கேட்பது குடும்பத்தைப் பிரிப்பதாகாது, அம்மா. கேளுங்கள்.

தம்பி தன் பென்சில் கோட்டைத் தானே அழித்துவிட்டார். இந்த இதழின் சித்தாந்தக் கட்டுரையில் அந்தச் சொல் சேர்ந்தே இருக்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்