துப்பறியும் புதினம் தேடுவோர்க்கு

துப்பறியும் கதை என்றவுடன் முகஞ்சுளிக்கும் தமிழன்பர் பலர் உளர். கொலையும் களவும் சூதும் மலிந்த அவ்வெழுத்து இளைஞர் நெஞ்சைக் கெடுக்கும் என்பதும், பொழுதைக் கொல்வதன்றி அதனால் விளையும் பயன் பிறிதொன்றில்லை என்பதும் அவர்தம் கருத்து. ஆயினும், பெரியநூல் எதனையும் தொடாத கை துப்பறியும் கதையைத் தொடுகிறது, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவனும் அதனை எழுத்தெண்ணிப் படித்து முடிக்கிறான், முடித்த கையோடு, "புதிதாக வேறு உண்டா?" என்று நூலகத்திலும் பேருந்து நிலையக் கடையிலும் கேட்கிறான். மக்கள் விரும்பிப் படிக்கும் ஒன்றைப் புலவர் புறக்கணித்தால், அது மொழிக்கேடர் கையில் முழுவதுமாக வீழும் என்பதே இதுவரை கண்ட உண்மை. ஆகவே, துப்பறியும் கதையைப் படிக்கலாமா கூடாதா என்பதன்று வினா. எத்தகைய கதையைத் தேடிப் படிப்பது, அதனை எம்மொழியில் படிப்பது என்பதே வினா.

துப்பறியும் கதையின் உயிர் கொலையன்று, சான்று. கொலை கதையின் வாயிலே. ஐயத்துக்குரியோர் பலரிடை உண்மைக் குற்றவாளியைச் சான்று கொண்டு பிரித்தெடுப்பதும், பழி சுமந்த தூயவனை விடுவிப்பதுமே அதன் உள்ளுறை. 1841-இல் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ எழுதிய கதையிலிருந்து இவ்விலக்கியம் தொடங்குவதாக மேலை நாட்டார் கணக்கிடுவர். 1887-இல் ஆர்தர் கோனன் தாயில் படைத்த செர்லாக் ஓம்சு அதனை உலகெங்கும் பரப்பினான். கதைவடிவம் அவர்கட்கு உரியதாகுக. கருத்தோ தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தல் வேண்டும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளல் வேண்டும், மூவர் சொல்லும் ஒத்தவழியே தெளிதல் வேண்டும் என்று அங்கே வள்ளுவர் வகுத்த நெறியை விஞ்சிய துப்பறியும் இலக்கணம் இன்றளவும் எவர் கண்டார்?

இனிச் சிலப்பதிகாரத்தை நோக்குக. அரசியின் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன். பழி வீழ்ந்தது கோவலன் மேல். கொல்லச் சென்ற காவலர் கோவலன் தோற்றங்கண்டு தயங்கியபோது, அப்பொற்கொல்லனே கள்வர் கையாளும் எண்வகைத் துணைகளை அடுக்கிக் கூறி அவர்தம் ஐயத்தை மாற்றுகிறான். உண்மைக் கள்வனே களவிலக்கணம் உரைத்துப் பிறன்மேற் பழியேற்றும் இவ்வுத்தியை இற்றைக் குற்றப் புதினங்கள் புதுமை என்று கொண்டாடுகின்றன! பின்னர்க் கண்ணகி அரசவை புகுந்து செய்ததென்ன? அழுது இரந்தாளில்லை. தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்று அவள் கூற, அரசியின் சிலம்பினுள் இருப்பது முத்து என்று அரசன் உரைக்க, அவ்வேறுபாடு விளங்கச் சிலம்பை உடைத்துக் காட்டினாள். கண்முன் வைத்த பொருட்சான்றால் ஒரு பேரரசின் தீர்ப்பே தவறென்று மெய்ப்பித்தாள். தமிழின் முதற்பெருங் காப்பியம், ஆராயாது கொடுத்த தீர்ப்பு ஒன்றை ஆராய்ந்து கவிழ்த்த கதையே அன்றோ?

காப்பியம் படித்தறியாத நாட்டுப்புற மக்களும் இவ்வுணர்வை இழந்தாரல்லர். நாஞ்சில்நாட்டுக் கொடைவிழாக்களில் இரவெல்லாம் ஒலிக்கும் வில்லுப்பாட்டுகளைக் கேட்டோர் இதனை அறிவர். அவற்றுள் பல, அறமின்றிக் கொல்லப்பட்டோரின் கதைகள். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு சேர்த்துப் பேசப்பெறும் நீலி கதை அவற்றுள் ஒன்று. தன்னை நம்பி வந்த பெண்ணைக் கள்ளிக்காட்டிற் கொன்று, அவள் நகைகளைக் கவர்கிறான் ஒருவன். கண்டவர் எவருமிலர். அருகே நின்ற கள்ளியையே சான்றாக விளித்து அவள் மடிகிறாள். மறுபிறப்பில் நீலியாக வந்து, கள்ளிக்கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவனென்று ஊர்மன்றத்தில் வழக்காடுகிறாள். குழந்தை அவனை நோக்கி அப்பா என்கிறது. அதனையே போதிய சான்றாகக் கொண்ட ஊர்ப்பெரியோர், அவன் அஞ்சி அலறியதைப் பொருட்படுத்தாது இருவரையும் ஒரே மனையில் அடைத்தனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். அவன் உயிர்க்குத் தம் உயிரை ஈடாக உறுதி கூறியிருந்த பெரியோரும் சொல் தவறாது மாண்டனர்.

பேயையும் மறுபிறப்பையும் பகுத்தறிவு ஒப்பாது. எனினும் அக்கதையின் நடுவிலே நிற்கும் உண்மை பேயைப் பற்றியதன்று. பாண்டியன் ஒன்றும் கேளாமல் தீர்ப்பளித்தான். ஊர்ப்பெரியோர் கண்முன் காட்டப்பெற்றதை அப்படியே நம்பித் தீர்ப்பளித்தனர். உசாவாமை ஒரு பிழை. போலிச்சான்றை உண்மையென்று கொள்ளுதல் மற்றொரு பிழை. இவ்விரண்டையும் எழுத்தறியா மாந்தர்க்கும் பதியுமாறு பாட்டில் வைத்த மண் நாஞ்சில்நாடு. குற்றக்கதை தேடும் குமரி இளைஞன் தன் பாட்டன் விழித்திருந்து கேட்ட இக்கதைகளை அறியாமல் இலண்டன் மூடுபனியில் துப்புத் தேடுவது இரங்கத்தக்கதே.

அதே நாஞ்சில்நாட்டின் சுசீந்திரத்தில், சான்று தேடும் நெறிக்கு நேர் எதிரான வழக்கமும் இருந்தது. குற்றஞ்சாட்டப்பெற்ற நம்பூதிரிகள் கோவிலில் கொதிக்கும் நெய்யினுள் கையிட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிடின் தூயவன்! கைமுக்கு எனப்பெற்ற இக்கொடுமை சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் (1829–1846) ஒழிந்தது. நெய்யை நம்பிய அறிவு எங்கே? தடத்தையும் நேரத்தையும் சொல்முரணையும் நம்பும் அறிவு எங்கே? நல்ல துப்பறியும் புதினம் ஒவ்வொன்றும் கைமுக்கு மனப்பான்மையின் மேல் விழும் அடியாகும். அத்தகைய புதினத்தைப் படித்துப் பழகியவன், ஊரார் ஒருவனைக் கள்வனென்று கட்டிவைத்து அடிக்கும்போது, "சான்று எங்கே?" என்று கேட்கும் துணிவு பெறுவான். இவ்விலக்கியத்தால் விளையத்தக்க தலையாய பயன் இதுவே.

இனி, தமிழில் இவ்வகை எழுத்து வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் காணலாம். 1894-இல் பண்டிதர் நடேச சாத்திரியார், தானவன் என்னும் காவல்துறை வல்லுநனை முதன்மை மாந்தனாக்கி நூல் வெளியிட்டார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். சே. ஆர். அரங்கராசுவின் இராசாம்பாள் 1908-இல் வெளிவந்தது. அவர் படைத்த துப்பறியும் கோவிந்தன் வீடுதோறும் அறிமுகமானான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் திரைப்படத்திலும் தோன்றினார். இவர்கள் பல்லாயிரவரைப் படிக்கச் செய்தனர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் இவர்தம் நடையோ வடசொல் மண்டிய கலவைநடை. கதைச்சரக்கின் பெரும்பகுதியும் கடன்சரக்கே.

இந்நிலையில் திருப்பம் உண்டாக்கியவர் தேவகோட்டையிற் பிறந்த தமிழ்வாணன் (1926–1977). கல்கண்டு இதழாசிரியராக இருந்த அவர், சங்கர்லால் கதைகளைக் கூடியவரை ஆங்கிலச்சொல் கலவாமல் சிறுசிறு தொடர்களில் எழுதினார். துப்பறியும் கதையைத் தமிழில் எழுதினால் விலைபோகாது என்றோர் வாயடைக்குமாறு அந்நூல்கள் விற்றன. தமிழ் கற்பிக்கும் எண்ணமே இல்லாமல் படித்தோரும் அவற்றால் நல்ல தமிழ்ச் சொற்களைக் கற்றனர். தலைமை மாந்தனுக்கு வடநாட்டுப் பெயர் சூட்டியது ஒரு குறையே. அக்குறை நிற்க, அவர் நாட்டிய உண்மை பெரிது. கதையின் விறுவிறுப்பைத் தமிழ் குறைப்பதில்லை. எழுதுவோனின் சோம்பலே குறைக்கிறது.

அவருக்குப் பின் வந்தோர் அவ்வழியில் நின்றிருப்பின் இன்று எத்துணை ஏற்றம் கிடைத்திருக்கும்! 1968-இல் குமுதத்தில் வந்த நைலான் கயிறு முதலாகச் சுசாதாவின் எழுத்து கூர்மையும் அறிவியற் செய்தியும் உடையதாய் இளைஞரைக் கவர்ந்தது. கூடவே ஆங்கிலம் கலந்து பேசுவதே அறிவுடைமை என்னும் மயக்கத்தையும் வளர்த்தது. இராசேசுகுமார் 1500-க்கு மேற்பட்ட புதினங்களை எழுதினார். அவை திங்கள்தோறும் வந்த இதழின் பெயரே கிரைம் நாவல்! ஈரடிப் பெயரில் ஓரசையும் தமிழில்லை. இவ்வெழுத்துகள் சிலவற்றை 2008-இல் சென்னையிலுள்ள பிளாப்ட்டு பதிப்பகம் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுதியாக வெளியிட்டது. ஆங்கிலத்தில் வந்த பிறகே இப்படியும் தமிழில் எழுதினார்களா என்று வியந்த நகரத் தமிழர் உண்டு. தன் வீட்டுப் பொருளைப் பிறர்வீட்டுப் பலகணி வழியே எட்டிப் பார்க்கும் நிலை இது.

"சொல்லில் என்ன இருக்கிறது, கதைதானே வேண்டும்?" என்பார்க்கு விடை கூறல் வேண்டும். பொதுமக்கள் காவல்நிலையத்தையும் முறைமன்றத்தையும் முதன்முதலில் அறிவது குற்றக்கதையின் வாயிலாகவே. அக்கதை வாரண்டு என்றால் அவர்கள் வாரண்டு என்பர். பிடியாணை என்றால் பிடியாணை என்பர். சாமீன் என்னுமிடத்துப் பிணை, போசுட்மார்ட்டம் என்னுமிடத்துப் பிணக்கூறாய்வு, பிங்கர்பிரிண்டு என்னுமிடத்து விரற்பதிவு, சாட்சி என்னுமிடத்துச் சான்றாளர், விசாரணை என்னுமிடத்து உசாவல், இன்சுபெக்டர் என்னுமிடத்து ஆய்வாளர் என எழுதினால் எந்த மருமம் அவிழாமற் போய்விடும்? பிடியாணை, பிணை, ஆய்வாளர், முதல் தகவல் அறிக்கை ஆகிய சொற்கள் அலுவலகத் தாள்களிலேயே புழங்குகின்றன. அரசு ஏற்ற சொல்லையும் புதினம் ஏற்காதது விந்தையே. இச்சொற்களின் பொருளறிந்தவன் காவல்நிலையத்தில் தன் முன் நீட்டப்பெறும் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவான். அறியாதவன் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவான். ஒருவனுக்கு வீட்டுவழியும் மற்றொருவனுக்குச் சிறைவழியுமாகப் பிரியும் இடம் அது.

குமரி மாவட்ட மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மலையாளம் கோலோச்சிய ஆட்சியில் தம் தாய்மொழிக்கு இடமின்றித் தவித்தவர் அவர்கள். 1954 ஆகத்து 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோரின் குருதியாலும், நேசமணி முதலானோரின் உழைப்பாலும், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. மண் இணைந்தது, முறைமன்றத்தில் மொழி முழுமையாக இணைந்ததா? உயர்நயன்மன்றத்தில் தமிழ் வழக்குமொழியாதல் வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது ஈடேறவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதா என்னும் வடமொழிப் பெயர்ச்சட்டம் வந்துள்ளது. கொலைக்கு ஒறுப்புக் கூறும் 302-ஆம் பிரிவு அதில் 103-ஆம் பிரிவு. நேற்றுவரை கதைகளில் அடிபட்ட 302 என்னும் எண்ணை மட்டுமேனும் அறிந்திருந்த எளியவனுக்கு இன்று எண்ணும் புதிது. சட்டத்தின் பெயரோ நாவில் நுழையாதது. அதனை எளிய தமிழில் அவனிடம் கொண்டுசேர்க்கும் ஆற்றல் சட்ட விளக்கநூலைவிடத் துப்பறியும் புதினத்துக்கே மிகுதி.

ஆகவே, புதிய குற்றப் புதினம் தேடுவோர் மூன்று உரைகற்களைக் கையிற் கொள்க. ஒன்று, சான்று. கதைத்தலைவன் கண்ட துப்பு ஒவ்வொன்றும் படிப்போன் கண்ணுக்கும் காட்டப்பெற்றுள்ளதா, அன்றி இறுதிப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒருவன் வந்து குற்றத்தை ஒப்புகிறானா என்று நோக்குக. இரண்டு, மண். கதை நிகழும் ஊரும் தொழிலும் உறவும் உண்மையாக உள்ளனவா, அன்றி வெளிநாட்டுக் கதைக்கு வேட்டி கட்டியதா என்று நோக்குக. மூன்று, மொழி. தமிழ்ச்சொல் இருக்கவும் அயற்சொல்லைத் திணித்த நூலைத் தள்ளுக.

இவ்வுரைகற்களோடு குமரி மண்ணிலேயே தேடத் தொடங்கலாம். எப்சிபா ஏசுதாசனின் புத்தம் வீடு (1964) துப்பறியும் புதினம் அன்று. ஆயினும் பனையேறியின் மகன் ஒருவன்மேல் கொலைப்பழி வீழும்போது சாதியும் ஐயமும் எவ்வாறு கைகோக்கும் என்பதை அந்நூல் காட்டுவதுபோல் துப்பறியும் நூல்கள் பல காட்டா. குமரி மாவட்ட எழுத்தாளர் செயமோகன், ஓய்வுபெற்ற காவல் அலுவலர் ஔசேப்பச்சன் வாயிலாகச் சொல்லப்பெறும் குற்றக்கதைகளை 2020-இல் எழுதினார். பத்துலட்சம் காலடிகள் என்பது அவற்றுள் ஒன்று. கைமுக்கு என்னும் பெயரிலேயே ஒன்றுண்டு. முதலிரு உரைகற்களிலும் இவை தேறும். மூன்றாவதில் எத்துணைத் தேறும் என்பதைத் தமிழன்பர் தாமே உரைத்துப் பார்க்க.

தேடல் மட்டும் போதாது. எழுதுவோரும் எழல் வேண்டும். தேங்காய்ப்பட்டினத்து மீன்பிடி வள்ளத்திலும், தோவாளைப் பூச்சந்தையிலும், கீரிப்பாறை இரப்பர்க் காட்டிலும், மருமக்கள்வழிச் சொத்துவழக்கு ஓலைகளிலும் எழுதப்பெறாத துப்பறியும் கதைகள் எத்தனையோ கிடக்கின்றன. வில்லுப்பாட்டு மரபில் வளர்ந்த ஓர் இளைஞன், வழக்குமன்ற நடைமுறை கற்று, தூய தமிழில் எழுதத் துணிவானாயின் தமிழகமே அவனைத் தேடி வரும். அந்நூல் வெளிவரும் நாளில் தமிழன்பர் முகஞ்சுளிக்காது விலைகொடுத்து வாங்குக. ஊர் நூலகத்தில் கேட்டு வாங்க வைக்குக. பிள்ளைகள் கையில் அச்சமின்றிக் கொடுக்குக.

அன்று மதுரையில் சிலம்பை உடைத்துக் கண்ணகி கேட்ட முறை, தெளிந்த தமிழில் கேட்ட முறை. இன்று அம்முறையைக் கேட்க வேண்டியவன் எளிய தமிழன். கேட்கும் சொல்லை அவனுக்குக் கற்பிப்பது கதையாயினும், கற்பிக்கட்டும்!