சண்டையும் ஒரு தொழில்: ஜோகூர் எம்எம்ஏ வீரர்களின் கொள்கைப் பிரகடனம்

ஜோகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் கூண்டுச் சண்டை பழகுகிறவர்கள், பழகி ஓய்ந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பழக்குகிறவர்கள் என்று நாங்கள் ஒன்றுசேர்ந்து இதை எழுதுகிறோம். எம்எம்ஏ என்று ஊரே சொல்லும் கலப்புத் தற்காப்புக் கலை எங்களுக்குத் தொழில். தொழில் என்றால் அதற்குக் கூலி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், ஓய்வு வேண்டும், கேட்க ஒரு சங்கம் வேண்டும். இன்று எங்களிடம் இருப்பது உடம்பு ஒன்றுதான். அதைக் காக்கவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் வாழ்க்கை வெளியில் தெரிவதில்லை. மேடை விளக்கும் அறிமுகப் பாட்டும் தெரியும். விடியற்காலை நாலே முக்காலுக்கு மோட்டாரில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது தெரியாது. சாயங்காலம் குடிநுழைவு வரிசையில் புகையைக் குடித்துக்கொண்டு நின்று, எட்டு மணிக்கு ஜிம்முக்கு ஓடி, பத்தரை வரை அடியும் பிடியும் பழகுகிறோம். காலையில் போகும்போது மோட்டாரின் கைப்பிடியில் நேற்றைய கைக்கட்டுத் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். உட்லண்ட்ஸ் பக்கம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அப்படி அடையாளம் கண்டு பேசிக்கொண்டவர்கள்தான் எங்களில் பாதிப்பேர்.

இந்தத் தொழிலில் முன்னுக்கு வர முடியும் என்பதற்கு எங்கள் கண்முன்னே சாட்சிகள் உண்டு. கோலாலம்பூர் செந்தூலின் அகிலன் தனி, பதின்ம வயதில் நூறு கிலோவைத் தாண்டிய உடம்போடு ஜிம் படி ஏறியவர். 2017 மே 26 அன்று, இருபத்தொரு வயதில், தோல்வியே காணாத கணக்கோடு சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற போட்டி நிறுவனத்தின் பட்டத்துக்காக அமெரிக்காவின் பென் ஆஸ்கிரனை எதிர்கொண்டார். முதல் சுற்றிலேயே கையையும் கழுத்தையும் சேர்த்துப் பூட்டும் பிடியில் தோற்றார். அதோடு ஒடிந்துவிடவில்லை. 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் பெரும்பெயர் யோஷிஹிரோ அகியாமாவை மூன்று சுற்றும் நின்று நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். ஒரு தமிழ்ப் பையன் அகியாமாவை வென்ற அந்த இரவில் எங்கள் தாமானில் மாமாக்கள்கூடக் கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். மல்யுத்த வீரர்கள் கிங்காங்கும் தாராசிங்கும் மலாயாவில் மோதிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நம் பெயர் உள்ள ஒருவன் அந்த இடத்தில் நிற்பதை முதல்முறை பார்த்தார்கள்.

எங்கள் ஊரிலேயே ஜிஹின் ராட்ஸுவான் இருக்கிறார். மெல்வின் யோ நடத்தும் ஜோகூர் பாரு ஜிம்மில் வளர்ந்தவர். 2018 ஜனவரியில் ஜகார்த்தாவில் இந்தியாவின் பூஜா தோமரை முதல் சுற்றிலேயே காலால் முக்கோணப் பூட்டு போட்டு முடித்தார். 2022 அக்டோபரில், பிற்பாடு எம்எம்ஏ சாம்பியனான தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸை மூன்று சுற்றும் எதிர்த்து நின்று தீர்ப்பில் தோற்றார். ஜிஹினிடம் தோற்ற அதே பூஜாதான் 2024 ஜூனில் அமெரிக்காவின் யுஎஃப்சி போட்டியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஜோகூரில் பழகுகிற ஒரு பெண் எந்த உயரத்தில் நிற்கிறார் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு ஜிஹினுக்கும் ஒரு அகிலனுக்கும் பின்னால், பெயர் அச்சில் வராத இருபது பேர் அதே மெத்தையில் விழுந்து எழுகிறார்கள். இந்தப் பிரகடனம் முதலில் அவர்களுக்கானது.

உச்சிக்குப் போனவர்களுக்கும் காப்பு இல்லை. அகிலனை வென்ற ஆஸ்கிரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவர். பிறகு யுஎஃப்சிக்குப் போய் 2019 ஜூலையில் ஹோர்ஹே மாஸ்விடாலின் பறக்கும் முட்டியில் ஐந்தே விநாடியில் விழுந்தார். அந்த ஆண்டே ஓய்வு. 2025-ல் கடும் நிமோனியா வந்து இரண்டு நுரையீரலையும் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது அவருக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். உலகப் பட்டம் வைத்திருந்தவருக்கே அந்த நிலை என்றால், கிள்ளானிலோ பத்து பகாட்டிலோ ஒரு மண்டபத்தில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குச் சண்டை போடுகிற எங்களுக்கு என்ன இருக்கிறது?

அந்த ஆயிரத்து ஐந்நூறின் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவருக்குப் பேசிய தொகை அது. கூண்டில் இறங்கினால் ஒரு பங்கு, ஜெயித்தால் இன்னொரு பங்கு என்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். தோற்றால் பாதி போயிற்று. நடுவர் ஒருவர் மறுபக்கம் புள்ளி போட்டதற்காக ஒருவனுடைய வீட்டு வாடகை போகிறது. வந்த பாதியில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து, இரண்டு மாதம் ஓவர்டைம் வேண்டாம் என்று விட்ட சம்பளத்தைக் கழித்து, கூட வந்த கோச்சின் பேருந்துக் காசையும் கொடுத்தால், அவர் கையில் மிஞ்சியது உடைந்த மூக்கு. பதினைந்து நிமிடத்துக்கு இவ்வளவு காசா என்று கேட்கிறார்கள். அந்தக் காசு எட்டு வாரப் பயிற்சிக்கானது, ஒரு உடம்பின் தேய்மானத்துக்கானது.

எடை குறைப்பதுதான் எங்களை மிக அதிகமாக அச்சுறுத்துவது. முதல் நாட்களில் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்து, கடைசி நாளில் அடியோடு நிறுத்திவிடுவோம். ரப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி ஏற்றிய காரில் ஏர்கோன் இல்லாமல் ஜோகூர் வெயிலில் உட்காருவோம். போத்தலில் எச்சில் துப்பித் துப்பி இன்னும் இருநூறு கிராம், இன்னும் நூறு கிராம் என்று எண்ணுவோம். உப்புப் போட்ட சுடுநீர்த் தொட்டியிலிருந்து ஒரு தம்பியை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கியபோது, அவன் விரல் நுனி உலர்ந்த இஞ்சிபோல் சுருங்கியிருந்ததைப் பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் 11 அன்று, மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தார். வயது இருபத்தொன்று. அதன் பிறகுதான் அந்த நிறுவனம் உடலில் நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அளவு 1.025-ஐத் தாண்டினால் வீரர் தேறமாட்டார். ஒரு உயிர் போன பிறகு வந்த விதி அது. அதே விதி எங்கள் ஊர்ச் சின்னப் போட்டிகளுக்கும் வேண்டும் என்கிறோம். சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கும் கருவி உள்ளங்கையில் அடங்குவது. அது இல்லாத மண்டபத்தில் எங்கள் உறுப்பினர் எடைத்தட்டில் ஏறமாட்டார்.

அடுத்தது தலை. ஒரு சனிக்கிழமை இரவு நாக்அவுட்டில் விழுந்த தம்பி ஒருவனைக் காரில் கூட்டிவந்தோம். சிம்பாங் ரெங்காம் தாண்டும்போது முன்சீட்டைப் பார்த்து, "ஏண்ணே, நம்ம சண்டை எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். முடிஞ்சிடுச்சுடா என்றோம். கூலாய் டோலில் மறுபடி அதையே கேட்டான். திங்கட்கிழமை அவன் லாரி ஓட்டப் போனான். அடுத்த வாரமே ஜிம்மில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நின்றான். நாங்களும் விட்டோம். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம், ஏனென்றால் இந்த இயக்கம் எங்கள் தவற்றிலிருந்தும் பிறக்கிறது. அமெரிக்க வீரர் ஜோர்டன் பார்சன்ஸ் 2016-ல் சாலை விபத்தில் இறந்த பிறகு அவர் மூளையை ஆராய்ந்தார்கள். அடி மேல் அடி வாங்கியவர்களுக்கு வரும் மூளைச்சிதைவு நோய் அதில் இருந்தது. வயது இருபத்தைந்துதான். இனி நாக்அவுட் ஆன எங்கள் ஆள் டாக்டர் எழுதித் தராமல் மெத்தைப் பக்கம் வரக்கூடாது. அரசு மருத்துவமனையில் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம். கூடப்போக ஆள் இல்லை என்ற காரணம் இனி இருக்காது, நாங்கள் போவோம். துண்டை எறிந்து சண்டையை நிறுத்துகிற கோச்சை எவனும் கோழை என்று சொல்லக்கூடாது. அவர்தான் அன்றைக்கு எங்கள் அம்மாவின் இடத்தில் நிற்பவர்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். எங்களில் மூத்தவர் ஒருவர் பதினொரு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் வேறு எங்கும் சண்டை போடக்கூடாது என்று அதில் இருந்தது. இரண்டு வருடத்தில் இத்தனை சண்டை தருவோம் என்று எங்கும் இல்லை. இருபத்தாறிலிருந்து இருபத்தெட்டு வயது வரை அவர் காத்துக்கொண்டே இருந்தார். இந்தத் தொழிலில் அந்த இரண்டு வயது திரும்பி வராது.

எங்கள் பாட்டன்மார் தோட்டத்தில் இதே நிலையைப் பார்த்திருக்கிறார்கள். கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணிக்கு, அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு போயிற்று. பால் மரம் வெட்டியவனுக்குத் தன் கணக்கே தெரியாது. அந்தக் கணக்கைக் கேட்கச் சங்கம் வந்தது. கேட்டதற்காக வழக்கும் சிறையும் வந்தன. மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். 1954-ல் தோட்டத் தொழிலாளர்கள் தேசிய அளவில் ஒரே சங்கமானார்கள். அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கூண்டில் நிற்கிறோம். மேலாளருக்கு எத்தனை விழுக்காடு போகிறது, டிக்கெட்டில் எவ்வளவு வந்தது, ஒளிபரப்பில் எவ்வளவு வந்தது என்று எங்களுக்கும் தெரியவேண்டும். அமெரிக்காவில் முகம்மது அலியின் பெயரால் 2000-ல் வந்த சட்டம், போட்டியால் கிடைத்த வருமானத்தைக் குத்துச்சண்டை வீரரிடம் காட்டவேண்டும் என்கிறது. எம்எம்ஏ வீரருக்கு அந்தச் சட்டம் அங்கேயே பொருந்தாது. யுஎஃப்சி மீது 2014-ல் வீரர்கள் தொடுத்த வழக்கு, 2025-ல் 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பத்தாண்டு கேட்டதால்தான் அது வந்தது.

மலேசியாவில் 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் இருக்கிறது, விளையாட்டு ஆணையர் அலுவலகம் இருக்கிறது. காசு வாங்கிச் சண்டை நடத்துகிற எவரும் கூண்டருகே டாக்டரையும் ஆம்புலன்ஸையும் நிறுத்தவேண்டும், வீரருக்குக் காப்புறுதி எடுக்கவேண்டும், வீரர் படிக்கிற மொழியில் ஒப்பந்தம் தரவேண்டும் என்று அங்கே எழுத்துமூலம் கேட்கப்போகிறோம். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு 2017-ல் டாக்சி ஓட்டுநர்களுக்குத் தொடங்கியது. ஓட்டுநருக்குக் கிடைத்தது சண்டைக்காரனுக்கும் கிடைக்கவேண்டும். பயிற்சியில் முட்டி போனால் அது வேலையில் பட்ட காயம்.

எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதியும் உண்டு. இந்தப் பக்கத் தாமான்களில் கைபலம் உள்ள பையனை நம்பர் வைத்த குண்டர் கூட்டங்கள் தேடி வரும், கடன் வசூலுக்கு ஆலோங்குகள் தேடி வருவார்கள். எங்கள் உறுப்பினர் எவரும் அதற்குப் போகக்கூடாது. அவர்கள் பணத்தில் நடக்கும் போட்டியிலும் இறங்கக்கூடாது. போனவர் எங்களில் ஒருவர் இல்லை. இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை காசுக்குச் சண்டை போட நாங்கள் துணைபோக மாட்டோம். எஸ்பிஎம் எழுதாமல் ஜிம்மே கதி என்று கிடக்கிற பிள்ளையைக் கோச்சே வீட்டுக்கு அனுப்பவேண்டும். பெண் வீராங்கனைகளுக்கு அதே மேடையில் அதே கூலி. முப்பதைத் தாண்டும் வீரருக்கு அடுத்த பிழைப்பு என்ன என்பதை அவர் இருபத்தைந்தில் இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசுவோம். கோச் உரிமமோ வெல்டிங் வேலையோ இயன்முறைச் சிகிச்சைப் படிப்போ, எதுவானாலும் சரி.

மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஒராங் அஸ்லி என்ற பிரிவு மெத்தையில் கிடையாது. இயக்கத்திலும் கிடையாது. இதே பிரகடனம் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சங்கப் பதிவுக்குச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதைவிட அதிகமாகவே கூடிவிட்டோம். பெயரை எல்லோரும் வந்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வைப்போம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடித்துக்கொள்வது ஒரு தொழிலா என்று நீங்கள் கேட்பது எங்களுக்குப் புரிகிறது. நீங்கள் பயப்படுகிற அதே காரணத்துக்காகத்தான் நாங்கள் கூடியிருக்கிறோம். பிள்ளையைத் தடுக்காதீர்கள், அவனோடு ஜிம்முக்கு வாருங்கள். கோச்சிடம் கேளுங்கள், காப்புறுதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, சண்டைக்குக் கூப்பிட்டு உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தால் அதை மடித்துப் பையில் வையுங்கள். எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள்.