பவளம் கொறிக்கும் மீனை எங்கே விடுவது?

வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்த்துக் கண்குளிரப் பார்த்திருக்கும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெகுவாகப் பரவியிருக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் பவளப் பாறைகளுக்கும் காவலாக நிற்பதால், மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுப் பவளத்தைக்கூட எவரும் எடுத்து வந்து வளர்க்க இயலாது. ஆனால், கடல் கடந்து குடியேறிய நம்மவருள் சிலர் இந்தக் கலையில் மிகுந்த சிரத்தையுடன் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரும் ஒரு சங்கடம் வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், சமுத்திரத்தின் க்ஷேமத்தையே தொடுகின்ற விஷயமாதலால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். பாசியைத் தின்பதற்கென்று வாங்கி விட்ட மீன், பாசி தீர்ந்ததும் பவளத்தைக் கொறிக்கத் தொடங்கினால் அந்த மீனை எங்கே விடுவது?

இத்தகைய மீன்களில் பெயர்பெற்றது ஃபாக்ஸ்ஃபேஸ். எலுமிச்சை மஞ்சள் உடலும், கறுப்பும் வெள்ளையும் பட்டையிட்ட முகமும், குவிந்த சிறு வாயும் உடைய இம்மீன், பாக் நீரிணையின் இரு கரையிலும் நம் மீனவர்கள் ஓரா என்றும் ஒரா என்றும் அழைக்கும் மீனின் குலத்தைச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா தொடங்கி ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு வரையிலான கடல்களே இதன் தாயகம். ஏறத்தாழ 24 செண்டிமீட்டர் வரை வளரும். பருவம் வந்தபின் ஜோடி ஜோடியாகத் திரியும். ஓராவுக்கு உள்ளதுபோலவே இதற்கும் முதுகில் 13 முட்களும், அடிவயிற்றுப் புறத்தில் மேலும் சிலவும் உண்டு. அவை யாவும் விஷ முட்கள்.

அமெரிக்காவின் ஃப்ளாரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் வசிக்கும் என் சிநேகிதர் ஒருவரின் தொட்டியில் இம்மீன் செய்ததை நான் அருகிருந்து பார்த்தேன். கல்லிடுக்குகளில் மயிர்போல் அடர்ந்திருந்த பாசியையும், பச்சை மணிகளைப்போல் திரண்டிருந்த குமிழ்ப்பாசியையும் அது சில வாரங்களில் துப்புரவாக மேய்ந்து தீர்த்துவிட்டது. பின்பு ஒருநாள், விளக்கு ஏறியதும் விரிய வேண்டிய, பவளத்துக்கு உறவான ஸோஆந்திட் என்னும் உயிர்ப்பூக்களின் எதிரே அது அசையாமல் நின்று, உடலைச் சற்றே சாய்த்து, ஒரே ஒரு கொத்துக் கொத்தி நகர்ந்தது. கொத்துப்பட்ட பூ மூடிக்கொண்டது. அதைத் தொட்டாற்போல் அண்டையிலிருந்த பூக்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூளைப்பவளத்தின் விளிம்பிலோ தசை அகன்று, கீழேயுள்ள வெள்ளை எலும்பு நகக்கண் அளவுக்குத் தெரியலாயிற்று. வருஷக்கணக்கில் வளர்த்த பவளம் அப்படி வெளிறுவதைக் காண்பவருக்கு மீனின்மேல் கோபம் வருவது இயல்பே.

ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். புல்லை மேய்வதற்கென்று ஆட்டைத் தோட்டத்தில் கட்டிவிட்டு, புல் தீர்ந்தபின் அது மல்லிகைக் கொடியைக் கடித்தது என்று ஆட்டைத் திட்டுவது எவ்வளவு பொருந்துமோ அவ்வளவே இதுவும் பொருந்தும். பொழுது விடிந்தது முதல் அடையும் வரை ஓயாது மேய்வது அந்த மீனின் ஸ்வபாவம். கடலில் அதற்கு முடிவில்லாத மேய்ச்சல் நிலம் உண்டு. தொட்டியில் உள்ளதோ சில வாரத்து ஆகாரம். ஆகவே பவளத்தில் வாய் வைத்ததைக் கண்டவுடன் முதலில் செய்ய வேண்டியது, ஜப்பானியர் சோறு சுற்றும் நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாளைக் கவ்வியில் செருகி, அன்றாடம் தாராளமாக அதற்கு அளிப்பதே. பசியால் கொறித்த மீன்கள் பல இதனால் திருந்திவிடுவதுண்டு. ருசி கண்டு கொறிக்கும் மீன் திருந்தாது. அதற்கு இடமாற்றம் ஒன்றே வழி.

மூலகாரணம் வேறிடத்தில் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பாசி வளர்வது நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுவதால். அவை மிகுவது அளவுக்கு மீறி இரை போடுவதாலும், சுத்திகரிக்காத குழாய் நீரை ஊற்றுவதாலும். மீன் தின்ற பாசியின் சத்தில் பெரும்பங்கு கழிவாகி அதே நீரில் கலந்துவிடுகிறது. நீரைச் சீர்படுத்தாமல் மீனை வாங்கியவர், ஒரு ஜீவனைத் துடைப்பமாகக் கருதி வாங்கியவரே.

இடமாற்றம் என்பது அவமானமன்று; கிரமமாகச் செய்தால் அது மீனுக்கும் பவளத்துக்கும் ஒருங்கே நன்மை. பவளம் இல்லாத, மீன்கள் மட்டும் வாழ்கின்ற, ஆறடிக்குக் குறையாத தொட்டி உடையவரைத் தேடி, ‘இது பவளத்தைக் கொறிக்கிறது, இதன் முட்களில் விஷம் இருக்கிறது, தினமும் இலைவகை ஆகாரம் வேண்டும்’ என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொல்லி ஒப்படைக்க வேண்டும். குற்றத்தை மறைத்து மற்றொரு பவளத்தொட்டிக்காரரிடம் தள்ளிவிடுகிறவர், மீனுக்கு இரண்டாவது துரத்தலையும் அவருக்கு நஷ்டத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். பிடிப்பதிலும் நிதானம் தேவை. பகலில் வலையோடு துரத்தினால் முள் வலையில் சிக்கி மீனும் காயப்படும், கையும் காயப்படும். இரவில் விளக்கணைந்து அது ஓய்ந்திருக்கும் வேளையில் அகன்ற பாத்திரத்தில் நீரோடு முகந்தெடுப்பதே உத்தமம். தப்பித் தவறி முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

எந்தச் சந்தர்ப்பத்திலும் செய்யக்கூடாத ஒன்று உண்டு: அதைக் கடலில் விடுவது. ‘கடல் மீன்தானே, கடலுக்கே போகட்டும்’ என்ற இரக்கம் எவ்வளவு நாசத்தை விளைவிக்கும் என்பதற்கு ஃப்ளாரிடாவே சாட்சி. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய சிங்கமீன் 1985ஆம் ஆண்டு அங்கே டேனியா கடற்கரையருகே முதலில் காணப்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்தே அது வந்தது என்பது அறிஞர் கருத்து. அது இன்று கரீபியக் கடல் முழுவதும் பரவி, பிரேசில் வரை சென்றுவிட்டது. பஹாமாஸ் தீவுகளில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒரே ஒரு சிங்கமீன் குடிபுகுந்த சிறு பவளத்திட்டில், புதிதாய் வந்து சேரும் உள்ளூர் மீன்குஞ்சுகளின் தொகை ஐந்தே வாரத்தில் சராசரி 79 சதவீதம் குறைந்தது.

சிங்கமீன் ஊன் தின்னும் ஜாதி, பாசி தின்னும் சாது அப்படிச் செய்யுமா என்று கேட்பவர்கள் மத்தியதரைக் கடலை நோக்க வேண்டும். 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் வழியே செங்கடலிலிருந்து நுழைந்த ஓரா இனத்து மீன்கள் இரண்டு, துருக்கி, கிரேக்கக் கரைகளில் காடுபோல் செழித்திருந்த கடற்பாசிகளை மேய்ந்து பாறையை வெறும் பாறையாக்கிவிட்டன. தாயகத்தில் இருக்கும்போதோ பாசி தின்னும் பிராணிகளே பவளத்தின் காவலர். ஜமைக்காவில் அவ்வகை மீன்களை அளவின்றிப் பிடித்தபின், 1983இல் பாசி தின்னும் கடல் முள்ளெலிகளும் நோயால் மாண்டன. 1977இல் 52 சதவீதமாயிருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதமாகச் சுருங்கி, அந்த இடத்தையெல்லாம் பாசி ஆக்கிரமித்துக்கொண்டது. ஒரு கடலைக் காக்கும் ஜீவனே மற்றொரு கடலை அழிக்கவும் கூடுமென்பது இவ்விரண்டு சரித்திரங்களால் பிரத்தியட்சமாகிறது.

ஃப்ளாரிடா அரசின் வனவிலங்கு இலாகா, வளர்க்க இயலாத அயல்நாட்டுப் பிராணிகளைத் தண்டனையின்றிப் பெற்றுக்கொண்டு, தகுதி பார்த்துப் பிறரிடம் ஒப்படைக்கும் திட்டமொன்றை 2006ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு. எனினும் இந்தப் பாரத்தை அரசாங்கமும் வாங்கியவரும் மட்டுமே சுமப்பது நியாயமாகாது. ஃபாக்ஸ்ஃபேஸ் பெரும்பாலும் பண்ணையில் பிறந்ததன்று; கடலில் பிடித்து, கப்பலோ விமானமோ ஏற்றிக் கொண்டுவந்து, ‘உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்ற ஒரு வாக்கியத்தோடு விற்கப்படுவது. அவ்வாக்கியத்தைச் சொல்லி லாபம் பெற்றவர்கள், மீன் ஒவ்வாமற் போனால் திரும்பப் பெற்றுத் தக்க இடத்தில் சேர்ப்பிக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். மனமுவந்து ஏற்கும் கடைகள் சில உண்டு. மற்றக் கடைகளைச் சட்டம் நிர்ப்பந்திக்கட்டும்.

சட்டம் வரும் வரை வாங்குவோர் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அடுத்த முறை இத்தகைய மீனை வாங்கப் போகும்போது, ‘இது பவளத்தைக் கொறித்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?’ என்று கடைக்காரரைக் கேளுங்கள். மாட்டோம் என்றால், அந்த மீனை அவரிடம் வாங்காதீர்கள்.