டிக்கெட் ஆயிரம்... குடிதண்ணீர் எங்கே?

முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டில் மனு கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "தீம் பார்க் போலாம்ப்பா... எங்க கிளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க!" உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

போன வருஷம் மே மாதம் நாங்களும் போனோம். நான், என் கணவர், இரண்டு பசங்க, அறுபத்தெட்டு வயதாகும் என் மாமியார். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பூங்கா. பெயர் வேண்டாம். ஏனென்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் அப்படித்தான் ஆச்சு, ஆனா அது வேற பார்க்" என்று சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர்!

டிக்கெட் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு பார்க்கிங் தனி, லாக்கர் தனி, தண்ணீரில் இறங்க நைலான் டிரஸ் தனி. பருத்தித் துணியின் நூல் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் அதை டிக்கெட் வாங்கும்போதே சொல்லக்கூடாதா? உள்ளே போய் நின்ற பிறகு சொன்னால், அங்கே விற்பதைத்தானே வாங்கியாக வேண்டும்? வாடகைக்கும் உண்டு. முந்தின நாள் யார் போட்டதோ, சரியாகக் காய்ந்ததோ இல்லையோ என்று யோசித்து, பணம் போனாலும் பரவாயில்லை என்று புதிதாகவே வாங்கினோம். ஈரத் துணியும் வியர்வையும் சேர்ந்தால் படர்தாமரைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

சரி, பணம் போகட்டும். ஒருநாள் கூத்து என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் எழுத வந்தது பணத்தைப் பற்றி அல்ல.

வாசலில் பையைச் சோதித்தார்கள். என் மாமியாருக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஆறரைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார். பதினொரு மணிக்குக் கொஞ்சம் சுண்டல், மதியத்துக்கு இரண்டு சப்பாத்தி, ஒரு பாட்டில் மோர். அவ்வளவுதான் என் கூடையில் இருந்தது. புளியோதரை மூட்டை எதுவும் இல்லை!

"வெளி சாப்பாடு அலவ்டு இல்ல மேடம்."

"பெரியவங்களுக்குச் சுகர்ங்க. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"உள்ள எல்லாமே கிடைக்கும் மேடம். பின்னாடி க்யூ நிக்குது பாருங்க..."

பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள். பசங்க என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். மாமியார், "விடும்மா, எனக்காகச் சண்டை போடாதே. உள்ளே ஏதாவது வாங்கிக்கலாம்" என்றார். கூடையை அங்கேயே ஒரு மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்த இடத்தில் நான் தோற்றுப்போனேன். இப்போது நினைத்தாலும் என் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

உள்ளே குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. ஒன்றில் தண்ணீர் வரவில்லை. இன்னொன்றில் வந்தது, வெந்நீராக! மே மாத வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? பக்கத்திலேயே ஜில்லென்று பாட்டில் தண்ணீர் விற்கிறார்கள். அதற்கும் ரொக்கம் கொடுக்க முடியாது. முதலில் ஒரு கவுன்ட்டரில் நின்று கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கவுன்ட்டரில் ஐம்பது பேர்.

பன்னிரண்டரை மணி இருக்கும். பசங்களும் அவரும் சறுக்கு விளையாட்டில். அலையடிக்கும் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் கார்டுக்காக க்யூவில் நின்றுகொண்டிருந்தேன். சின்னவன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். "அம்மா, பாட்டி என்னைத் திட்டறாங்க!"

என் மாமியார் பேரன்களைத் திட்டி நான் பார்த்ததே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால்... புடவை தொப்பலாக நனைந்திருக்கிறது. வெயில் வியர்வை என்றுதான் யாரும் நினைப்பார்கள். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, நடுக்கம் வேறு. "வீட்டுக்குப் போலாமா, பஸ் வந்துடுச்சா?" என்று கேட்கிறார். நாங்கள் வந்ததே காரில்!

வாசகர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் அதன் அடையாளங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் இது வரும். அன்றைக்குப் போல வெயிலில் நடந்து திரிந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் பார்த்து, தெளியவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிதான்.

எனக்கு இது தெரியும். ஆனால் குளுக்கோஸ் பாக்கெட் லாக்கரில். லாக்கர் சாவி என் கணவரிடம். அவர் எந்தச் சறுக்கின் உச்சியில் நிற்கிறாரோ! ஜூஸ் கடைக்கு ஓடினேன். "கார்டு இல்லாம பில் போட முடியாதுங்க" என்றான் அந்தப் பையன். அவனைக் குற்றம் சொல்லவில்லை. மெஷின் கேட்டால்தானே அவன் கொடுக்க முடியும்? முதலுதவி அறைக்குப் போனால், கதவில் சிவப்புச் சிலுவை இருந்தது, கூடவே ஒரு பூட்டும் இருந்தது. "சாப்பிடப் போயிருக்காங்க."

பெஞ்சுக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். வேலைக்காரர்களுக்கு டீ போடும் இடத்திலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீரும், பேப்பரில் மடித்து ஒரு கைப்பிடிச் சர்க்கரையும் கொண்டுவந்தார். "எங்க அம்மாவுக்கும் சுகர்க்கா" என்றார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மாமியாருக்குத் தெளிந்தது. "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

'பராமரிப்புப் பணி' என்று இரண்டு ராட்டினங்களை மூடி வைத்திருந்தார்கள். பசங்களுக்கு ஏமாற்றம், நிறையப் பேர் ஊழியர்களோடு சண்டை போட்டார்கள். இதில் மட்டும் நான் பூங்காவின் கட்சி! 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்த ராட்டினம் முறிந்து விழுந்து உயிர்கள் போயின. 2025 மே மாதம் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராட்டினம் ஒன்று உயரத்திலேயே நின்றுபோய், ஏறியவர்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்கினார்கள். சந்தேகம் வந்தால் மூடட்டும். ஆனால் எது எது ஓடாது என்று டிக்கெட் கவுன்ட்டரில் எழுதி வைத்துவிட்டுக் காசு வாங்கட்டும்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. குளத்துப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் நெடி வருகிறதே, அதை 'நல்லா குளோரின் போட்டிருக்காங்க' என்று நினைக்கிறோம். குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போதுதான் அந்த நெடியும், கண் எரிச்சலும் வருகின்றன. குளிக்காமல் இறங்குவதும், 'தண்ணிக்குள்ளதானே, யாருக்குத் தெரியும்' என்று குழந்தையை விட்டுவிடுவதும் நாம்தான். பேதி கண்ட குழந்தையைப் பணம் கட்டியாச்சே என்று இறக்குகிறவர்களை என்ன சொல்ல? சில கிருமிகள் குளோரின் தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். குளத்தின் அடித்தளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லையென்றால் உங்கள் குழந்தையை இறக்காதீர்கள். அடி தெரியாத தண்ணீரில் மூழ்குகிறவனும் தெரியமாட்டான்.

மறுபடி அந்தச் சுண்டல் கூடைக்கு வருகிறேன். வெளிச் சாப்பாட்டை எல்லோருக்கும் அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அனுமதித்தால் நாம் எப்படி இலையையும் எலும்பையும் போட்டுவிட்டு வருவோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நோயாளிக்கு நேரத்துக்குத் தேவையான ஆகாரமும் கைக்குழந்தையின் பாலும் 'வெளிச் சாப்பாடு' கணக்கில் வருமா? 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. சினிமா தியேட்டர்காரர்கள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் சுத்தமான குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சின்னக் குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்று. அது தியேட்டர்களைப் பற்றிய தீர்ப்பு. தீம் பார்க்குகளைப் பற்றியது அல்ல. ஆனால் மூன்று மணி நேரம் ஏ.சி.யில் உட்காருகிறவனுக்கே இந்த நியாயம் என்றால், எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறவர்களுக்கு? தாகம் தியேட்டரில் ஒரு மாதிரி, பார்க்கில் ஒரு மாதிரியா?

பூங்காக்காரர்களுக்கு ஒன்றும் பெரிய செலவில்லை. நிழலில் நாலு இடத்தில் குளிர்ந்த தண்ணீர், பூட்டாத ஒரு முதலுதவி அறை, அதில் சர்க்கரையும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும் கழிப்பறைகள். கழிப்பறை அழுக்காக இருக்கிறது என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல், அடக்கிக்கொண்டு சுற்றிவிட்டு, மறுநாள் நீர்க்கடுப்பில் துடிக்கிற பெண்கள் எத்தனை பேர்? கோடி ரூபாய்க்கு ராட்டினம் இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள் பெரிய விஷயமா?

நாம் கேட்பதில்லை. அதுதான் சங்கதி. 'பசங்க சந்தோஷமா இருந்தாங்க, போகட்டும்' என்று வந்துவிடுகிறோம். டிக்கெட் வாங்கும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள்: சர்க்கரை நோயாளியின் சாப்பாட்டை அனுமதிப்பீர்களா, முதலுதவி அறை எங்கே? டாக்டர் சீட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸை லாக்கரில் வைக்காமல் இடுப்பிலேயே முடிந்துகொள்ளுங்கள். வெயிலில் முழு நாள் அலையப்போகிறோம் என்றால் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று முந்தின வாரமே டாக்டரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தவறு நடந்தால் எழுதிக் கொடுங்கள். 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டிவிட்டால் அவர்கள் அலட்சியத்தால் வந்த கெடுதலுக்கு எல்லாம் மன்னிப்பு கிடைத்துவிடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் சரியாகவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில்லையும் டிக்கெட்டையும் மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

நானும் எழுதினேன். நடந்ததை நேரம் போட்டு இரண்டு பக்கம். மூன்று வாரம் கழித்து வழவழப்பான கவரில் பதில் வந்தது. 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று நாலு வரி, கூடவே இரண்டு இலவச டிக்கெட். பின்பக்கம் திருப்பினால், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் செல்லாது!

பசங்க டிக்கெட்டைப் பார்த்துக் குதித்தார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அந்தப் பெருக்குற பொண்ணு பேரை எழுதினியே, அதைப் பத்தி ஒண்ணுமே காணோமே" என்றார்.

டிக்கெட்டை ஸ்பீடு போஸ்டில் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரே ஒரு கேள்வி: முதலுதவி அறையில் மதியம் பன்னிரண்டரைக்கு யார் இருப்பார்கள்? அனுப்பியது ஜூலையில். பதில் இன்னும் வரவில்லை.