சுகாதார சமத்துவம் கற்பிக்க யார் வருவார்?

ஒரே நோய் சிலரை மட்டும் ஏன் அதிகம் வாட்டுகிறது? ஒரே மருந்து சில தெருக்களுக்கு மட்டும் ஏன் வந்து சேருவதில்லை? இதைக் கேட்கும் பாடத்துக்கு 'சுகாதார சமத்துவம்' என்று பெயர். 2008-இல் மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவன ஆணையம், மனிதர்களின் ஆயுளை மருத்துவமனை மட்டும் தீர்மானிப்பதில்லை, வீடும் வேலையும் தண்ணீரும் தீர்மானிக்கின்றன என்று அறிக்கை தந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்துக்கென்றே விரிவுரையாளர்களை எடுக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களிலும் அந்தப் பணியிடம் வர வேண்டும். வந்தால் அதில் யார் அமர்வார் என்பதுதான் நம் கேள்வி.

நம் மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவத்தில் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒன்றுமே படிப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையை அளக்க அவர்களுக்கு அளவுகோல்கள் தரப்படுகின்றன. நகரத்துக்குக் குப்புசாமி அளவுகோல் (1976). அதில் கல்வி, தொழில், வருமானம் மூன்றும் உண்டு, சாதி இல்லை. நகரத்துக்கு வந்தால் சாதி போய்விடும் என்பது கணக்கு! கிராமத்துக்கு உதய் பரீக் அளவுகோல் (1964). அதில் சாதி உண்டு. பட்டியல் சாதிக்கு 1 மதிப்பெண், ஆதிக்க சாதிக்கு 6. மாணவர் அதைக் கூட்டிப் போட்டுத் தேர்வில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த ஒன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு ஊரில் என்ன நடக்கிறது என்று எடுத்துச் சொல்லத்தான் ஆசிரியர் வேண்டும்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கிடந்தது. தலித் மக்கள் குடிக்கும் தொட்டி அது. பாடப்புத்தகத்தில் இது 'நீரால் பரவும் நோய்' என்ற அத்தியாயத்தில் வரும். குளோரின் எவ்வளவு போட வேண்டும் என்று அங்கே இருக்கும். ஒரு ஊரில் குடிதண்ணீர் எப்படித் தெருவாரியாகப் பிரிகிறது, எந்தத் தெருவுக்குக் கடைசியில் குழாய் வருகிறது, கிராம சுகாதார செவிலியர் எந்த வீட்டில் உட்கார்ந்து எந்த வீட்டு வாசலில் நின்றபடியே பேசுகிறார் என்பவை அந்த அத்தியாயத்தில் வராது.

இன்னொரு கணக்கு. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, உயர்சாதிப் பெண்கள் இறக்கும் சராசரி வயதைவிட 14.6 ஆண்டு குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை கூறியது. நல்ல ஆசிரியர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அழச் சொல்ல மாட்டார். இறக்கும் சராசரி வயது வேறு, ஆயுள் எதிர்பார்ப்பு வேறு என்று முதலில் பிரித்துக் காட்டுவார். பிறகு தண்ணீர், கழிப்பறை, வேலை, பிரசவம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, எத்தனை ஆண்டு எதில் போனது என்று தேட வைப்பார். புள்ளியியலும் தெரிய வேண்டும், சேரியும் தெரிய வேண்டும். அப்படிப்பட்டவரைத் தேடி எடுப்பது எளிய வேலை இல்லை.

ஆனால் எடுக்கும் முறையிலேயே கதவு அடைபட்டுவிடலாம். ஒரே ஒரு பணியிடம் கொண்ட பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய பாடத்துக்குப் பெரும்பாலும் ஒரு பணியிடம்தானே வரும்? அதைத் தனித்து நிறுத்தினால் எப்போதும் பொதுப்பிரிவுதான். துறைவாரி இனச்சுழற்சியும் இதே வேலையைச் செய்யும். மத்திய முறையில் பட்டியல் சாதியினருக்கான முதல் இடம் ஏழாவது புள்ளியில், பழங்குடியினருக்குப் பதினான்காவதில். நான்கு பேர் உள்ள துறையில் ஏழாவது எப்போது வரும்? துறையையே அலகாகக் கொள்ளச் சொல்லி 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டபோது நாடு முழுக்க ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தது இதனால்தான். 2019-இல் முதலில் அவசரச் சட்டம், பிறகு சட்டம். நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்றானது. ஆனால் அது திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களுக்கான சட்டம். மாநிலப் பல்கலைக்கழகங்களை அது கட்டுப்படுத்தாது.

இனச்சுழற்சியைத் தாண்டி உள்ளே போனாலும் நேர்முகத் தேர்வு இருக்கிறது. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்ற வரியை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! 2023 டிசம்பரில், நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களைப் பொதுவாக்கலாம் என்ற பொருள்படும் வரைவு வழிகாட்டுதலே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படிச் செய்ய மாட்டோம் என்றார்கள். தகுதி என்பது ஆங்கில இதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும்தானா? தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் பத்தாண்டு காசநோய்ப் பணி செய்த அனுபவத்துக்கு அந்த அறையில் என்ன மதிப்பெண்? தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்திருக்கிறார்கள். சித்த மருத்துவரான அவரே இன்று விண்ணப்பித்தால் அழைப்புக் கடிதம் வருமா என்று நமக்குச் சந்தேகம்.

தலித்தாகப் பிறந்தவர் எல்லாரும் இந்தப் பாடத்தை நன்றாக நடத்துவார்கள் என்று நாம் சொல்லவில்லை. மற்றவர்கள் நடத்தக் கூடாது என்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு ஆபத்தையும் பார்க்கிறோம்: சமத்துவப் பாடத்தை மட்டும் தலித் ஆசிரியரிடம் தள்ளிவிட்டு, அறுவை சிகிச்சைத் துறையையும் இதயநோய்த் துறையையும் பழையபடியே வைத்துக்கொள்வது. அந்த ஏற்பாட்டுக்கு நாம் உடன்பட முடியாது. அந்த ஒருவரையும் கௌரவ விரிவுரையாளராக, தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஆளாக வைத்தால் அவர் எந்தத் துறைத் தலைவரை எதிர்த்து என்ன பேசுவார்? பாடம் கட்டாயப் பாடமாக இல்லாமல் விருப்பப் பாடமாக இருந்தால், கேட்க வேண்டிய மாணவர் அந்த வகுப்புக்கே வர மாட்டார்.

பல்கலைக்கழக ஆசிரியர் பணி விளம்பரங்களை மாணவர்கள் இனிமேல் கடைசி வரி வரை படியுங்கள். எதை அலகாக வைத்து இனச்சுழற்சி போட்டார்கள், கடந்த முறை எந்தப் புள்ளியில் நின்றது, நிரம்பாத பின்னடைவு இடங்கள் எத்தனை, தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி உறுப்பினர் இருந்தாரா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்காக அனுப்பிய கடிதத்தின் நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.